கணவர் விடுதலையாக ஆறு வாரம் இருக்கிறது. மாத்திரைக்கு என்ன செய்வது?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 34, தையல் வேலை, ஒன்பது வயதில் ஒரு மகள். கணவர் ஒரு அடிதடி வழக்கில் தண்டனை பெற்று மூன்று ஆண்டுகளாக மத்திய சிறையில் இருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்கு விடாத இருமல் வந்தது. சோதித்ததில் காசநோயும் எச்.ஐ.வி. தொற்றும் இருப்பது தெரிந்தது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டார். எச்.ஐ.வி.க்குத் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறார்.

பத்து மாதத்துக்கு முன் மாமனார் இறந்தபோது அவசர விடுப்பில் சில நாள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த நாட்களில் இருவரும் சேர்ந்திருந்திருக்கிறார்கள். அப்போது அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்கப் போனபோதுதான், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் சகோதரி நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், பரிசோதனை செய்துகொண்டார், தொற்று இல்லை.

இன்னும் ஆறு வாரத்தில் விடுதலை. "ஜெயிலில் தினம் கூப்பிட்டு மாத்திரை கொடுக்கிறார்கள், வெளியே வந்தால் யார் கொடுப்பார்கள்? 'நான் நல்லாத்தான் இருக்கேன், கொஞ்ச நாள் நிறுத்திட்டு அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். நாட்டு மருந்தில் குணமாகும் என்கிறார் கொழுந்தனார். என் அண்ணனோ 'விவாகரத்து வாங்கு, பிள்ளையைக் காப்பாத்து' என்கிறார். ஜெயிலில் கொசு கடித்தும், ஒரே பிளேடில் சவரம் செய்தும் வந்திருக்குமா? தட்டு, துணி, பாத்ரூம் எல்லாம் தனியாக வைக்கணுமா? பெண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா? இது தெரிந்தும் ஜெயிலிலோ ஆஸ்பத்திரியிலோ எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?" இப்படிப் போகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் உங்கள் வலி இருக்கிறது. உங்களுக்கு அவர் விடுப்பில் வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொல்லியிருக்க வேண்டியவர் அவர். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்று இருப்பது தெரிந்த ஒருவர் அடுத்தவருக்குப் பரவாமலிருக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும் என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. முன்கூட்டியே சொல்வது அதில் ஒரு வழி. ஆணுறை போன்ற பாதுகாப்பு இன்னொரு வழி. ஆனால் அவரைக் கேட்காமல் சிறை அலுவலர்களோ மருத்துவமனையோ உங்களுக்கு போன் போட்டுச் சொல்ல அதே சட்டம் விடாது. மனைவிக்கு ஆபத்து இருக்கிறது, கணவர் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தால், அவரிடம் பேசி, 'நான் சொல்லப் போகிறேன்' என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ சொல்லலாம். இது 9-ஆவது பிரிவு. விடுப்பில் அனுப்புவதற்கு முன் யாராவது அவரை உட்காரவைத்து இதைப் பேசியிருக்க வேண்டும். அது நடந்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. அதை அடக்கிக்கொண்டு அவரை வரவேற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது நல்ல சேதி. நீங்கள் சேர்ந்திருந்து ஒன்பது மாதம் கழித்துப் பரிசோதனை செய்திருக்கிறீர்கள். தொற்று ரத்தத்தில் தெரிய அதிகபட்சம் மூன்று மாதம் போதும். ஆகவே அந்த முடிவு உறுதியானது. உங்களுக்குத் தொற்று இல்லை. அம்மாவுக்கு இல்லாத தொற்று பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்குப் போக வழியில்லை. அதனால் மகளுக்குப் பரிசோதனை தேவையே இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

எப்படி வந்தது என்ற கேள்வி

கொசு கடித்து வராது. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை, துவைத்த துணி, இருமல், முத்தம், எதிலும் வராது. சவர பிளேடைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி. வருவது மிக அரிது. மஞ்சள்காமாலை வைரஸ்கள் வர வாய்ப்பு கூடுதல். அதனால் அவருக்கு ஹெபடைடிஸ் பி, சி சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறைக்குள் நிஜமாகப் பரவும் வழிகள் மூன்றுதான்: பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசியில் போதை, ஒரே ஊசியில் பலர் பச்சை குத்திக்கொள்வது. உடலுறவு என்பதில் வற்புறுத்தலும் அடங்கும். அப்படி ஒன்று நடந்திருந்தால் அதைச் சொல்ல ஆண்களுக்கு வாய் வருவதில்லை. ஆனால் சிறைக்குள்தான் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. எச்.ஐ.வி. எட்டு, பத்து வருடம்கூட எந்த அறிகுறியும் இல்லாமல் உடம்பில் இருக்கும். உள்ளே போன அன்றே பரிசோதித்து இல்லை என்று வந்திருந்தால்தான் 'அங்கே வந்தது' என்று ஓரளவு சொல்லலாம். காசநோய் வந்ததை வைத்தும் தேதி கணக்கிட முடியாது. நெரிசலான சிறையில் காசநோய் யாருக்கும் வரும். எப்படி வந்தது என்று தெரிந்தாலும் நாளைக்குச் செய்ய வேண்டியது எதுவும் மாறாது. அவராகச் சொல்லும் நாளில் கேளுங்கள். விசாரித்து வாங்க வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் நாட்டுச் சிறைகளில் ஆணுறை பொதுவாகக் கிடைப்பதில்லை. 1994-இல் திகார் சிறையில் ஆணுறை தர மறுத்ததை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஐ.நா. அமைப்புகள் 2013-இல் சிறைகளுக்குப் பரிந்துரைத்த 15 நடவடிக்கைகளில் ஆணுறையும் ஒன்று. 'கொடுத்தால் உள்ளே உடலுறவு நடப்பதை ஒத்துக்கொண்டதாகிவிடும்' என்ற தயக்கத்தில் காலம் போய்க்கொண்டிருக்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர்களில் வெளியே காத்திருக்கும் உங்களைப் போன்ற மனைவிகளும் இருக்கிறார்கள்.

விடுதலைக்கு முன் செய்ய வேண்டியவை

இதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான பகுதி. சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதில் ஒரு வேட்டி, மகன் போட்டோ, ஒரு வெள்ளை மாத்திரை டப்பா. டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், காலி. விடுதலையாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கையில் கொடுத்தனுப்பிய ஒரு மாத மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தவர், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் இருந்துவிட்டார். "புது ஊர் ஆஸ்பத்திரியில போய் முதல்லருந்து சொல்லணுமே டாக்டர், ஜெயில்னு சொல்லணுமே" என்றார். எடை பதினோரு கிலோ குறைந்திருந்தது. அந்த டப்பாவோடு ஒரு தாள் கூட இருந்திருந்தால் அந்த ஐந்து மாதம் வீணாகியிருக்காது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் 2004 முதல் 2007 வரை விடுதலையான, எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து தீர்வதற்குள், அதாவது பத்து நாளுக்குள், வெளியே மருந்து வாங்கியவர்கள் 5 சதவீதம்தான். இரண்டு மாதம் கழித்தும் 30 சதவீதம்தான். உள்ளே மருந்து சாப்பிட்டவர்கள்தான் அத்தனை பேரும். ஆக, இது மனத்திண்மை பற்றிய விஷயம் இல்லை. வாசலுக்கும் அடுத்த மருந்தகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியை இப்போதே அடைத்துவிடுங்கள்.

அவர் பெயர் ஏதோ ஒரு அரசுக் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில், அதாவது ஏ.ஆர்.டி. மையத்தில், பதிவாகியிருக்கும். அவருக்கென்று ஒரு எண் இருக்கும், ஒரு பச்சை நோட்டு இருக்கும். சிறை மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அவர் கேட்க வேண்டியது நான்கு: அந்த எண், பச்சை நோட்டு, கடைசி வைரஸ் அளவுச் சோதனை முடிவு, உங்கள் ஊருக்குப் பக்கத்து மையத்துக்கு மாற்றல் கடிதம். கூடவே கையில் குறைந்தது ஒரு மாத மாத்திரை. நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். காசநோய் மருந்து முடித்த சான்றையும் வாங்கிக்கொள்ளட்டும். மாற்றல் இருந்தால் புதிய மையத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எங்கிருந்து மாற்றல் என்பதைத் தவிர, என்ன வழக்கு, எத்தனை வருடம் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை.

விடுதலைத் தேதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தண்டனைக் குறைப்பு வந்தால் நாள் முன்னே வரும். சேதி வந்த அன்றே வாசலில் நிற்பார். ஆறு வாரம் இருக்கிறது என்று காத்திராமல் அடுத்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். அதற்குள் நீங்களும் ஒருமுறை பக்கத்து மையத்துக்குப் போய் ஆலோசகரைப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த ஜன்னல் என்று தெரிந்துகொண்டு வந்தால், அவர் வந்த முதல் வாரத்திலேயே கூட்டிப் போகலாம். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு இல்லை.

இதைக் கேட்பது உதவி கேட்பது ஆகாது. அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு, தண்டனைக் கைதியோ விசாரணைக் கைதியோ, அரசின் காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை பெற உரிமை உண்டு என்கிறது. 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி, சிறை மருத்துவம் வெளி மருத்துவத்தோடு ஒட்டி நடக்க வேண்டும், எச்.ஐ.வி., காசநோய் சிகிச்சை அறுபடக்கூடாது என்கிறது. தர மறுத்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதலாம். காவலில் இருப்பவருக்கும், பெண் என்பதால் உங்களுக்கும், அங்கே சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

இந்த உரிமை எளிதில் வந்துவிடவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டதே காவலில் இருந்தவர்களிடம்தான். டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, சென்னையில் ஓர் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சம்மதம் இல்லாமல் யாருக்கும், சிறையிலும்கூட, எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. 'நல்லா இருக்கேன்' என்று அவர் சொல்வது அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் இரண்டு, மூன்று வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் திரும்ப ஏறத் தொடங்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று 5,472 பேரை வைத்துப் பார்த்த ஸ்மார்ட் ஆய்வு 2006-இல் வெளியானது. இடைவெளி விட்டவர்களுக்குக் கடும் தொற்றோ மரணமோ நேரும் ஆபத்து, தொடர்ந்து சாப்பிட்டவர்களைவிட 2.6 மடங்கு. ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து இருந்துவிட்டால், திடீரென நிறுத்துவது கல்லீரலையும் கெடுக்கும்.

இப்போது பெரும்பாலும் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, ஒரே நேரத்தில். மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். சிறையில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் கூப்பிட ஆள் இல்லை. போனில் அலாரம் வையுங்கள், அல்லது சாமி விளக்கேற்றும் நேரம் என்று ஏதாவது ஒரு வழக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். அலாரத்துக்கு எழுந்து மாத்திரை போடுவது அவர் பொறுப்பு. நீங்கள் வார்டன் ஆகிவிட வேண்டாம்.

கொழுந்தனாரின் நாட்டு மருந்து பற்றி: அவரைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. எச்.ஐ.வி.யை முழுதாகக் குணமாக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இன்னும் கைக்கு வரவில்லை, அலோபதியிலும்தான். சித்த மருந்து எதையாவது சாப்பிட விரும்பினால் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடட்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சங்கு பற்பம், அயச் செந்தூரம் போன்றவற்றில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் உண்டு. அவற்றையோ, வயிற்றெரிச்சல் மருந்தையோ டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, இவற்றில் ஒன்று திரும்பினாலும் காசநோய்க்கு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் இருந்தால் டோலுடெக்ராவிர் அளவைக் கூட்டுவார்கள். அதனால் இரண்டு இடத்திலும் இரண்டு மருந்தையும் சொல்ல வேண்டும்.

வெளியே வந்த முதல் இரண்டு வாரம் வேறு வகையிலும் ஆபத்தானது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், அந்த இரண்டு வாரத்தில் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 12.7 மடங்காக இருந்தது. முதல் காரணம் அளவு மீறிய போதை. முன்பு அவருக்குக் குடி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 'வெளியே வந்துட்டே மச்சான்' என்று வரும் முதல் ராத்திரி நண்பர்களை நினைத்துத்தான் சொல்கிறேன். அவர் பேசாமல் முடங்கினாலோ, சாகிற பேச்சு பேசினாலோ 14416 என்ற மனநல எண்ணை உடனே கூப்பிடுங்கள்.

நீங்களும் அவரும்

வைரஸ் அளவு ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவில் தொற்று பரவாது. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 2011-இல் வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வில் ஒன்பது நாடுகளிலிருந்து 1,763 ஜோடிகள் பங்கெடுத்தார்கள். சென்னையும் அதில் ஓர் இடம். சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. 2016-இல் வந்த பார்ட்னர் ஆய்வில், ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகளில் மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. பத்து மாதத்துக்கு முன் அவர் வந்தபோது எட்டு மாத மருந்து உள்ளே போயிருந்தது. உங்களைக் காப்பாற்றியது அநேகமாக அதுதான்.

ஆனாலும் வைரஸ் அளவு முடிவைக் கண்ணால் பார்க்கும் வரை ஆணுறை இல்லாமல் வேண்டாம். அது உங்கள் உரிமை. அவர் முகம் சுளித்தாலும் சரி. மருந்து விட்டுப்போன நாட்களில் ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் மையத்துக்குப் போங்கள். 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று பின்னால் தோன்றினால், வைரஸ் அடங்கிய நிலையில் அதுவும் நடக்கக்கூடியதே.

மாமியாரிடமோ, அவருடைய பழைய பட்டறை முதலாளியிடமோ இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. வேலை கொடுக்க எச்.ஐ.வி. சோதனை கேட்பதையும் சட்டம் தடுக்கிறது. உங்கள் அண்ணனுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அவரிடம், இது ஊர் முழுக்கத் தெரிந்தால் முதலில் பள்ளிக்கூடத்தில் அடிபடுவது மருமகள்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

சேர்ந்து வாழ்வதா என்பதை அண்ணனும் முடிவு செய்ய முடியாது, நானும் முடிவு செய்ய முடியாது. தொற்று மட்டும்தான் காரணம் என்றால் பிரிய வேண்டியதில்லை என்பது மருத்துவராக என் கருத்து. மறைத்ததை உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அடிதடி வழக்கில் உள்ளே போனவர். உங்களை அடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்திருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பாதுகாப்பு வருகிறது. 181 பெண்கள் உதவி எண். அவர் தன் அம்மா வீட்டில் இருந்துகொண்டும் மாத்திரை வாங்கலாம். மாற்றல் கடிதத்தை அந்த ஊர் மையத்துக்குக் கேட்டால் போதும்.

அடுத்த மனுவுக்குப் போகும்போது நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும், சுற்றிலும் இரைச்சலாக இருக்கும். எச்.ஐ.வி. என்ற வார்த்தையே எடுக்க வேண்டாம். "உங்க பச்சை நோட்டு நம்பர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். தெரியாது என்றால், அடுத்த முறைக்குள் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.